கழுதைக்கு எரிந்த விளக்கு

எங்கள் வீட்டு முற்றத்து விளக்கு கழுதைகளை மதித்தது. அப்பாவை மதிக்கவில்லை. அந்த வைகாசி மாதம் எங்கள் வீட்டில் நடந்த கூத்துக்கெல்லாம் காரணம் இதுதான். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று நெடுநாள் சொல்லாமல் இருந்தேன். சிரித்தால் சிரிக்கட்டும்.

பேசாலையில் அப்பா ஒரு சம்மாட்டி. சொந்தப் படகும் எஞ்சினும் வலையும் வைத்து ஆட்களைத் தொழிலுக்கு அனுப்புகிறவர். அவர் கரைக்கு வந்தால், மணலில் இருந்து வலை தைக்கிறவர்கள் எழும்பமாட்டார்கள். ஆனால் எழும்பப்போவதுபோல் ஒரு அசைவு காட்டுவார்கள். அவருக்கு அந்த அசைவு காணும், வேறொன்றும் வேண்டாம். அது இல்லாத நாளில் வீட்டுக்கு வந்து மீன்குழம்பில் உப்பில்லை என்பார்.

மாசி மாதத்தில் அவருக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கால் கொஞ்சம் திரும்பி வந்தது. பொல்லு ஊன்றி முற்றம்வரை நடந்தார். வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. வாய் தப்பியது தேவ கிருபை என்று அம்மா முதலில் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். ஒரு கிழமை அப்பாவோடு வீட்டில் இருந்த பிறகு அப்படிச் சொல்வதைக் குறைத்துக்கொண்டார்.

கைதான் வரவில்லை. கிளினிக்கில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண்பிள்ளை தெளிவாகச் சொன்னார்: முதல் மாதங்களில் திரும்பி வருவதுதான் வரும், பிறகு வராது, காலையும் மாலையும் கையைத் தோளிலிருந்து தூக்கித் தூக்கிப் பழக வேண்டும். அப்பா தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் முடியாது என்றார்.

"பள்ளிக்கூடத்தில சின்னப்பிள்ளையள் கை தூக்கிற மாதிரி நான் ஆருக்குத் தூக்கிறது?"

"எங்களுக்குத் தூக்குங்கோவன் அப்பா" என்றேன்.

"உங்களுக்கோ?" என்று கேட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

எனக்கு அந்தக் கை வேண்டும். கடலில் என்னை நீந்தப் பழக்கியபோது என் வயிற்றுக்குக் கீழே இருந்த கை அது. இப்போது அவர் கதிரையில் இருக்கும்போதெல்லாம், இரவல் வாங்கிய சாமானைப் பத்திரமாக வைப்பதுபோல் அதை இடக்கையால் எடுத்து மடியில் வைப்பார். பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. ஒவ்வொரு நாளும் நானாட்டானில் நான் வேலை செய்யும் கந்தோரில் இருந்து பஸ்ஸில் திரும்பும்போது, இன்றும் ஒரு நாள் போய்விட்டது, இன்றும் அந்தக் கை மடியில்தான் கிடந்திருக்கும் என்று நினைப்பேன். வீட்டுக்குள் வருமுன்னே எனக்குக் கோபம் வந்துவிடும்.

கனடாவில் இருக்கிற தம்பிக்கு அப்பாவின் கையைவிட அப்பாவின் எஞ்சினைப் பற்றித்தான் கவலை. படகுக்காரர்கள் கடலால் வந்ததும் எஞ்சினைக் கழற்றிக்கொண்டுவந்து எங்கள் முற்றத்துக் கொட்டிலில் வைப்பார்கள். அப்பா நல்லாய் இருந்த காலத்தில் அதைத் தொடக் கள்ளனுக்குத் துணிவு வராது. இனி வரும் என்று தம்பி நினைத்தான். அதனால் யாரோ ஊருக்கு வருகிறவர்களிடம் ஒரு பெரிய ஃபிளட் லைட்டும் சென்சாரும் கொடுத்துவிட்டான்.

"ஆள் வந்தால் தானா எரியும் அக்கா. ஆள் போனால் தானா நூரும். ஒருத்தரும் ஒண்டும் செய்யத் தேவையில்லை" என்றான் போனில். ஒருவரும் ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று சொல்லி வருகிற சாமான்களைக் கண்டால் எனக்கு அன்று முதல் பயம்.

அதைப் பூட்ட முசலிப் பக்கத்தில் இருந்து ஒரு வயரிங்காரர் வந்தார். கட்டாரில் பல வருடம் வேலை செய்தவர். சுத்தமான வேலை, மரியாதையான பேச்சு. ஏணியில் நின்றபடியே கீழே கதிரையில் இருந்த அப்பாவுக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார்.

"இந்தச் சென்சார் வாசல்ல நிக்கிற காவல்காரன் மாதிரி, ஐயா. கரண்ட் இவனட்டத்தான் முதல்ல வரும். இவன் கதவைத் திறந்தாத்தான் லைற்றுக்குப் போகும்."

"ஆரைப் பாத்துத் திறப்பான்?" என்று அப்பா கேட்டார்.

"சூடான உடம்பு ஒண்டு அசைய வேணும். சூடு மட்டும் இருந்தாலும் காணாது, அசைவு மட்டும் இருந்தாலும் காணாது. அசைவு நிண்டு கொஞ்ச நேரத்தில கதவைச் சாத்திப்போடுவான்."

"நான் பேசாம இருந்தா?"

"நீங்கள் இருக்கிறதே அவனுக்குத் தெரியாது, ஐயா."

அப்பாவின் முகம் மாறியதை நான் கண்டேன். வயரிங்காரரும் கண்டிருக்க வேண்டும். உடனே, "அதுக்கும் வழி இருக்கு" என்றார். இன்னொரு வயரை வீட்டுக்குள்ளே ஒரு சுவிட்சுக்குக் கொண்டுபோவார். அந்தச் சுவிட்சைப் போட்டால் கரண்ட் காவல்காரனைக் கேட்காமல் பின்பக்கத்தால் நேரே லைட்டுக்குப் போகும். சுவிட்சை நிறுத்தும்வரை லைட் நின்று எரியும். நிறுத்தினால் திரும்பவும் காவல்காரன் பாடு. அப்பாவுக்கு இது பிடித்தது. பின்பக்கத்தால் போகிறது எதுவும் அவருக்குப் பிடிக்கும்.

அந்தச் சுவிட்ச் வைத்த இடம்தான் வினை. முற்றத்துச் சுவருக்கு மறுபக்கம் எங்கள் மண்டபம். அந்தச் சுவரில் யேசுவின் திருஇருதயப் படம். படத்துக்குக் கீழே சின்னச் சிவப்பு பல்ப், பல்புக்குக் கீழே அதன் சுவிட்ச். அந்தச் சுவிட்சுப் பலகையில் இன்னொரு சுவிட்சுக்கு இடம் வெறுமையாக இருந்தது. வயரிங்காரர் வேலை தெரிந்த மனிதர். சுவரில் ஒரு துளை மட்டும் போட்டு, வயர் வெளியில் தெரியாமல், வெறுமையாக இருந்த இடத்தில் புதுச் சுவிட்சைப் பூட்டிவிட்டார். வேறு எந்த வீட்டிலும் அது பாராட்ட வேண்டிய வேலை.

எங்கள் வீட்டில் அந்தப் பலகையில் யாரும் கை வைப்பதில்லை. வீட்டை மந்திரித்து ஆசீர்வதித்த அன்று சுவாமியார் தன் கையால் போட்டது அந்தச் சிவப்பு பல்பின் சுவிட்ச். ஊரில் கரண்ட் போனால் பல்ப் நூரும், ஆனால் சுவிட்ச் போட்டபடியே இருக்கும். பல்ப் மாற்றுகிற நாளிலும் அம்மா மெயின் சுவிட்சைத்தான் நிறுத்துவார், அதை நிறுத்தமாட்டார். இது முசலியில் இருந்து வந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? அவர் தொழுகைக்கு நேரமாகுது என்று அவசரமாகச் சாமான்களை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அம்மா பலகையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், "நல்ல வடிவா இருக்குது தம்பி" என்று தேத்தண்ணி கொடுத்தார். வேறு சமயத்து மனிதர், நல்ல மனதோடு செய்த வேலை, முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது?

அவருடைய மோட்டார்சைக்கிள் ஒழுங்கை மூலையில் திரும்பியதோ இல்லையோ, அம்மா அப்பாவின் மருந்துப் பெட்டியில் இருந்து வெள்ளைப் பிளாஸ்ரரை எடுத்து, இரண்டு சுவிட்சுக்கும் மேலே குறுக்கும் நெடுக்குமாகச் சிலுவைபோல் ஒட்டிவிட்டார்.

"இனி ஒருத்தரும் கை வைக்கப்படாது."

"அம்மா, மற்றது லைற்றின்ர சுவிச்சு."

"ரெண்டும் ஒரே பலகையிலதானே இருக்குது."

"பக்கத்தில இருந்தா அதுவும் திருஇருதயமே?"

"சிலுவையில பக்கத்தில தொங்கின கள்ளனுக்கும் மோட்சம் கிடைச்சதுதானே" என்றார் அம்மா.

வயரிங்காரரைக் கூப்பிட்டுச் சுவிட்சை இடம் மாற்றலாம் என்றால், ஏன் என்று அவருக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் அவர் மனம் நோகும். ஆகவே கையால் போடுகிற சுவிட்ச் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது, அதைக் கையால் போட முடியாது. விளக்கு முழுக்க முழுக்கக் காவல்காரன் பொறுப்பில் வந்துவிட்டது.

காவல்காரன் யார் யாருக்குக் கதவைத் திறந்தான் என்பதைக் கேளுங்கள். பக்கத்து வீட்டுக் கோழிக்குத் திறந்தான். நாய்க்குத் திறந்தான். பகல் முழுக்க வெயில் குடித்த அம்மாவின் சேலை சோளகக் காற்றில் கொடியில் ஆட, அதற்கும் திறந்தான். மன்னார்த் தீவில் கழுதைகளுக்கு வேலியும் இல்லை, வெட்கமும் இல்லை. அவை எங்கள் படலையால் வந்து, முற்றத்தில் கிடக்கும் மட்டைப் பெட்டியைத் தின்று, மறுபக்கத்தால் போகும். அவை உள்ளே கால் வைத்ததும் கோயில் பெருநாள்போல் முற்றம் முழுக்க வெளிச்சம். அப்பா பொல்லூன்றி வந்து கதிரையில் அமரும்வரை எரியும். இருந்த கொஞ்ச நேரத்தில் நூர்ந்துவிடும். அப்பா அசைந்து பழகியவர் அல்ல. அவரைக் கண்டு மற்றவர்கள் அசைந்துதான் அவருக்குப் பழக்கம்.

"கழுதைக்கு எழும்பி நிக்குது" என்றார் இருட்டுக்குள் இருந்து. "நான் வந்தாப் படுக்குது."

பொழுதுபட்டதும் படகுக்காரர்கள் வருவார்கள். அன்றைய மீன்பாடு எப்படி, காற்று எந்தப் பக்கம் என்று பேச்சு. கடலில் பேசாமல் இருந்து பழகிய மனிதர்கள் மணலில் குந்தினால் கல்லுமாதிரி இருப்பார்கள். பேச்சு நடுவில் விளக்கு நூரும். உடனே எல்லாரும் ஒரே நேரத்தில் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டுவார்கள். விளக்கு எரியும். கையை இறக்கிவிட்டுப் பேச்சை விட்ட இடத்தில் தொடர்வார்கள். ஒழுங்கையால் போகிறவர்கள், சம்மாட்டி வீட்டில் தங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக் கையாட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்க வேண்டும். வந்தவர்களும் இருந்து கையாட்டினார்கள். வருத்தக்காரன் இருக்கிற வீட்டில் ஒவ்வொரு நாளும் என்ன கொண்டாட்டம் என்று அம்மாவிடம் ஒரு மனுசி கோயில் வாசலில் வைத்தே கேட்டாராம்.

அப்பா கைகளைத் தூக்கவில்லை. ஆனால் ஒருநாள், ஆட்கள் யாரும் இல்லாதபோது, முகத்தில் மொய்க்கும் இலையானைக் கலைப்பதுபோல் இடக்கையை ஒருதரம் அசைத்தார். விளக்கு எரிந்தது. அவர் முகத்தில் வந்த திருப்தியைக் கதவு நிலைக்குப் பக்கத்தில் நின்ற நான் கண்டேன். நூர்ந்தது. திரும்ப அசைத்தார். எரிந்தது. கரையில் வலை தைக்கிறவர்கள் அசைவதும் இதுவும் அவருக்கு ஒன்றுதான் என்று எனக்கு அப்போது விளங்கியது. எங்களுக்குத் தூக்காத கையை இந்தச் சனியனுக்குத் தூக்குவார். தூக்குவது பிழையான கை, அவ்வளவுதான்.

சென்சாரின் முன்கண்ணாடியில் டேப் ஒட்டினால் அந்தப் பக்கம் அதற்குக் கண் தெரியாது என்று வயரிங்காரர் போகும்போது சொல்லியிருந்தார். ஒழுங்கையில் போகிற கழுதைக்கெல்லாம் எரியாமல் இருக்கத்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா உள்ளே படுத்திருக்க, நான் ஏணியில் ஏறிக் கறுப்பு டேப்பால் அந்தக் கண்ணை முழுக்க மூடினேன். ஒரு கீற்று மட்டும் விட்டேன். அந்தக் கீற்று அப்பாவின் கதிரைக்கு வலப்பக்கத்தை மட்டும் பார்க்கும்படி ஒட்டி, உரித்து, திரும்ப ஒட்டினேன். இருட்டியதும் சரிபார்க்க வேண்டுமே. அப்பாவின் கதிரையில் இருந்து இடக்கையை ஆட்டினேன். பைத்தியம்போல் ஆட்டினேன். இருட்டு. வலக்கையைத் தூக்கினேன். பளிச்சென்று எரிந்தது. அந்த வெளிச்சத்தில் அம்மா என் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"பிள்ளை, உன்னையும் ஆரும் டொக்டருக்குக் காட்ட வேணுமே?" என்று கேட்டார்.

இனி எஞ்சினைத் திருட வருகிறவன் அப்பாவின் கதிரைக்கு வலப்பக்கமாக வந்தால் மட்டுமே பிடிபடுவான். தம்பிக்கு இதை நான் சொல்லவில்லை.

அன்றிலிருந்து எங்கள் முற்றம் இருண்டது. அப்பா இடக்கையை அசைத்தார், ஒன்றும் நடக்கவில்லை. பெரிதாக அசைத்தார், பொல்லை எடுத்து ஆட்டினார், விளக்கின் தாயையும் தகப்பனையும் இழுத்து ஏசினார். படகுக்காரர்கள் கையாட்டிக் கையாட்டிக் களைத்து, இருட்டுக்குள் இருந்தே பேசிவிட்டுப் போனார்கள். தம்பி அனுப்புகிற சாமான் எல்லாம் இப்படித்தான், பழுது, என்றார் அப்பா.

"பழுதில்லை அப்பா" என்றேன். "வலது கைக்குத்தான் எரியும்."

"ஆர் சொன்னது?"

"லைற்தான் சொன்னது."

இருட்டில் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அடுத்த சில நாட்கள் அவர் என்னோடு பேசவில்லை. பிடிவாதமாக ஒவ்வொரு மாலையும் வந்து அந்த இருட்டிலேயே இருந்தார். கை மடியில் கிடந்தது. நான் செய்தது பெரிய கொடுமையோ என்று பஸ்ஸில் வரும்போது யோசிப்பேன். டேப்பை உரித்துவிடலாம் என்றும் யோசிப்பேன். கிளினிக்கில் சொன்ன மாதங்கள் ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டிருந்தன. அவர் அசையாமல் இருப்பதைக் கண்டதும் எனக்குத் திரும்பவும் கோபம் வரும், உரிக்கமாட்டேன்.

வைகாசி மாதம் எங்கள் ஊரில் மாதாவின் சுரூபத்தைத் தெருத்தெருவாக, வீடுவீடாகத் தூக்கி வருவார்கள். ஒரு மாலைக்கு ஒரு வீடு. அந்த வீட்டு முற்றத்தில் தெருவே முழந்தாளில் நின்று செபமாலை சொல்லும். எங்கள் முறை வந்தது. முற்றத்தில் அப்பாவின் கதிரைக்கு முன்னால், இடப்பக்கமாக மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, பூமாலை வைத்தோம். கதிரை எப்போதும் இருக்கும் இடத்திலேயே இருந்தது; அப்பா அதை நகர்த்த விடவில்லை. மெழுகுதிரி சோளகக் காற்றுக்கு நிற்காது. அதற்கென்ன, பெரிய லைட் இருக்கிறதே என்றார் அம்மா. முழந்தாளில் நிற்கிறவர்கள் அசையமாட்டார்கள் என்பதும், என் டேப் இன்னும் மேலே இருக்கிறது என்பதும் எனக்கு அப்போதுதான் ஒன்றாக உறைத்தது.

ஏணியைத் தேடினேன். படகுக்காரர்கள் ஒழுங்கை முனையில் தோரணம் கட்டக் கொண்டுபோயிருந்தார்கள். அம்மாவிடம் ஓடினேன்.

"அம்மா, இண்டைக்கு மட்டும் அந்தப் பிளாஸ்ரரைக் கழட்டிச் சுவிச்சைப் போடுவம்."

"மாதா வீட்டுக்கு வாற நேரத்தில மகனின்ர பலகையில கை வைக்கிறதே?" என்றார் அம்மா. ஒழுங்கையில் பாட்டுச் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது.

சுரூபம் வந்தது. தெரு முழுக்க அப்பாவின் வலப்பக்கத்தால் உள்ளே வந்ததால் விளக்கு நன்றாக எரிந்தது. சனம் மணலில் முழந்தாளில் நின்றது. எல்லாருடைய போனையும் அம்மா நிறுத்தச் சொன்னார். முந்தின நாள் போன வீட்டில் செபத்துக்கு நடுவில் யாரோ ஒருவருடைய போன் சினிமாப் பாட்டுப் பாடிவிட்டது. செபமாலையின் ஐந்து தேவ இரகசியங்களில் முதலாவது முடியும்வரை பிந்தி வந்தவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள், அதனால் பிழைத்தோம். இரண்டாவதில் நூர்ந்தது.

அம்மா நிறுத்தவில்லை. சனமும் நிறுத்தவில்லை. செபம் எல்லாருக்கும் மனப்பாடம். இருட்டில் சொல்வதற்கு என்ன. ஆனால் எழும்பி அசைந்து தேவ காரியத்தைக் குழப்பியவர் என்ற பெயரை எடுக்க அங்கே யாரும் ஆயத்தமில்லை. கையாட்டிப் பழகிய படகுக்காரர்கள்கூட மாதாவுக்கு முன்னால் கையாட்டத் துணியவில்லை. ஒரு பச்சைப்பிள்ளை அழத் தொடங்கியது. அப்போதுதான் மேசைப் பக்கத்தில் இருந்து அந்தச் சத்தம் கேட்டது. யாரோ ஆறுதலாக, ரசித்து எதையோ மென்றுகொண்டிருந்தார்கள்.

எல்லாருக்கும் கேட்டது. எல்லாருக்கும் விளங்கியது. கழுதை வந்து மாதாவின் பூமாலையைத் தின்கிறது. இவ்வளவு காலமும் கழுதை வந்தால் எரிந்த விளக்கு, என் டேப்பின் புண்ணியத்தால் இன்று எரியவில்லை. அம்மாவின் "அருள் நிறைந்த மரியே" தொடர்ந்தது. சனம் "பரிசுத்த மரியே" சொன்னது. கழுதை இடையிடையே மென்றது.

அப்பா மேசைக்குப் பக்கத்தில், கழுதைக்குக் கிட்ட இருந்தார். இடக்கையில் செபமாலை சுற்றியிருந்தது.

"சீ! போ அங்கால!" என்றார்.

விளக்கு எரிந்தது. அப்பாவின் வலக்கை மடியில் இல்லை. அது கழுதையின் கழுத்தில் இருந்தது. அடித்தது என்று சொல்ல ஏலாது, தள்ளியது என்றும் சொல்ல ஏலாது. ஆனால் அது தன்பாட்டில் அங்கே போயிருந்தது. வாயில் மாலை தொங்க, கழுதை அவரைப் பார்த்தது. சனம் முழந்தாளில் நின்றபடி பார்த்தது. அப்பா தன் கையைத்தான் பார்த்தார், யாரோ வேறு ஒருவரின் கையைப் பார்ப்பதுபோல. பிறகு கை சரிந்து மடியில் விழுந்தது. கழுதை மாலையோடு பின்பக்கத்தால் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் விளக்கு நூர்ந்தது.

செபம் நின்றுவிட்டது. அந்த இருட்டில் நான் என் வாழ்க்கையில் கேட்காததைக் கேட்டேன், மனதுக்குள். தூக்குங்கோ அப்பா. கழுதைக்கு இல்லை, மாதாவுக்கு இல்லை, எனக்கும் இல்லை. சும்மா தூக்குங்கோ.

எரிந்தது. இந்த முறை கழுதை இல்லை. கை மடிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நடுங்கிக்கொண்டு நின்றது. அப்பா நேரே விளக்கைப் பார்த்தபடி, "என்ன நிப்பாட்டிப்போட்டியள்? சொல்லுங்கோ" என்றார் அம்மாவிடம் அதட்டலாக.

அம்மா சொன்னார். கடைசி இரகசியம்வரை விளக்கு நூர நூர, அப்பா கையைத் தூக்கினார். நெற்றியால் வேர்வை ஓடியது. நான் ஒரு செபமும் சொல்லவில்லை. மாதாவையும் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாதா குறை நினைத்திருக்கமாட்டார்.

அடுத்த நாள் ஊரில் இது ஒரு புதுமை, அற்புதம். புதுமையைச் செய்தது மாதாவா கழுதையா என்பதில்தான் கொஞ்சம் கருத்து வேற்றுமை இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று சிலர் கழுதைக்கு வாழைப்பழம் கொடுத்தார்கள். அப்பாவிடம் கேட்டவர்களுக்கு அவர் சொன்னது வேறு: "அந்தக் கை எப்பவும் ஏலும். தேவை வரேல்ல."

பிளாஸ்ரர் கதையும் ஊர் முழுக்கச் சுற்றி முசலிவரை போய்விட்டது. வயரிங்காரர் மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினார்.

"அண்டைக்கே என்னட்டச் சொல்லியிருக்கலாமே அம்மா? குர்ஆன் வச்ச தட்டில நாங்களும் வேற சாமான் வைக்கமாட்டம். எனக்கு விளங்காதே?" என்றார். அம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவருக்குத் தேத்தண்ணியோடு கேக்கும் வந்தது.

சுவிட்சைக் கழற்றிக் கதவடிக்குக் கொண்டுவருகிறேன் என்றார். அதற்கு முன் சென்சாரைப் பார்க்க ஏணியில் ஏறியவர், மேலேயே கொஞ்ச நேரம் நின்றார். குனிந்து என்னைப் பார்த்தார்.

"இந்த டேப் ஆர் ஒட்டினது?"

"காத்துக்கு வந்து ஒட்டியிருக்கும்" என்றேன்.

"நல்ல கெட்டிக்காரக் காத்து" என்று சொல்லிவிட்டு அவர் டேப்பை உரிக்காமலே இறங்கினார்.

அப்பா சுவிட்ச் வேண்டாம் என்றார். "லைற் நிண்டு எரியிறதெண்டா நான் என்னத்துக்குத் தம்பி? அதை நான் பாக்கிறன்." அதன்பிறகு ஒவ்வொரு மாலையும் அவர் அதைப் பார்த்துக்கொண்டார். படகுக்காரர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள்; நூரும்; யாரும் கையாட்டக்கூடாது, அது சம்மாட்டியின் வேலை; எல்லாரும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள். சில நாள் நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். எரிந்ததும் பேச்சுத் தொடரும். ஒரு சாண் உயர்ந்த கை நெஞ்சுவரை வந்தது. சில வேளைகளில் அதற்கும் மேலே போகும்.

ஆடி மாதக் கிளினிக்குக்கு அவரை மன்னாருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதே பெண்பிள்ளைதான் இருந்தார். முதலில் விரல்களைப் பார்த்தார். ஒவ்வொன்றாக மடித்து, விட்டு, மடிக்கச் சொன்னார். ஒன்றும் மடங்கவில்லை. அவர் நல்ல பிள்ளை, மறைக்கவில்லை.

"விரல் இனி வராது ஐயா. இதால ஒண்டையும் பிடிக்க ஏலாது. மனசைத் தேத்திக்கொள்ளுங்கோ."

கயிறு பிடிக்கிற கை, வலை பிடிக்கிற கை, என்னைப் பிடித்த கை. அப்பா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிக் கையைத் தூக்குங்கோ பாப்பம்."

தூக்கினார். நெஞ்சு தாண்டியது. தோள் தாண்டியது. முற்றத்தில் ஒருநாளும் போகாத உயரத்துக்குப் போனது. அந்தப் பெண்பிள்ளைக்கு வாயெல்லாம் சிரிப்பு. "காணும் ஐயா, காணும், நல்லாயிருக்கு. இறக்குங்கோ" என்றார்.

அப்பா இறக்கவில்லை. கை நடுங்கத் தொடங்கியது. அவர் முகட்டில் எரியாமல் கிடந்த ரியூப் லைட்டைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

"இறக்குங்கோ ஐயா. என்ன பாக்கிறியள்?"

"பிள்ளை" என்றார் அப்பா என்னிடம். "இஞ்ச கரண்ட் இல்லையே?"

பகிடி விடுகிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை. நடுப்பகல், யன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன, அறை முழுக்க வெயில். நான் எழும்பிச் சுவரடிக்குப் போய், அங்கே இருந்த சுவிட்சைப் போட்டேன். ரியூப் லைட் இரண்டுதரம் மினுங்கி எரிந்தது.

அப்பா கையை இறக்கினார்.